கெட்டித் தேநீர்

தையல்காரியின் சட்டையில் தையலெல்லாம் கச்சிதம். இடது தோளில் மட்டும் துவைத்தாலும் போகாத ஒரு கறை. மகள் துப்பியது. நான்கு வயதாகியும் அந்தப் பிள்ளைக்குத் தொண்டை ஒழுங்காக விழுங்காது. தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் ஊட்ட வேண்டும்; இல்லையென்றால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடும். ஒரு கிண்ணம் காலியாவதற்குள் பாதி அம்மா மேல், கால்வாசி சுவரில். அந்தப் புளித்த வாடை மூக்கிலேயே குடியிருப்பதால், தையல்காரிக்குத் தன் தட்டைப் பார்த்தாலும் குமட்டும். வெளியே சொல்ல முடியுமா? தாய்க்கு மூக்கு கிடையாது என்று உலகம் எப்போதோ தீர்மானித்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து கணக்கெடுப்பாளர் வந்தார். ஊட்டுகிறவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கிறாராம். அவதி மிகுந்த வீட்டுக்குக் காலை வேளையில் ஊட்டிவிட ஆள் வருமாம். தையல்காரிக்கு அந்த ஆள் வேண்டும். ஆனால் நாத்தனார் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஊட்டும்போது அருவருப்பு வருதாம்மா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, எப்போதும். இதுல எது?"

"பெத்த புள்ளைகிட்ட என்னங்க அருவருப்பு?" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணி பொறுமைக்கே பொறுமை சொல்லித் தருவாங்க. ஒருபோதும் இல்லைன்னு போட்டுக்குங்க."

நாத்தனார் இதுவரை ஒரு கரண்டிகூட ஊட்டியதில்லை.

கணக்கெடுப்பாளர் டிக் போட்டார். தையல்காரி தேநீர் போடப் போனாள். மனம் எங்கோ இருக்க, கை பழக்கதோஷத்தில் மாவு டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கியது.

கணக்கெடுப்பாளர் உறிஞ்சினார். தேநீர் வரவில்லை, வெதுவெதுப்பாகக் கோழை மாதிரி ஏதோ வந்தது. புரையேறிக் கண் பிதுங்கியது. தையல்காரி பாய்ந்து அவர் தாடையைப் பிடித்தாள்.

"பேசாதீங்க. மோவாயை நெஞ்சுல ஒட்டுங்க. முழுங்குங்க. இன்னொரு தடவ. முடியலன்னா இதுல துப்புங்க."

வெறுங்கையை நீட்டினாள். அவர் துப்பினார்.

"சீ, கருமம்," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள் நாத்தனார். மூலை நாற்காலியிலிருந்த மகள் கெக்கலித்தாள்; இதெல்லாம் தனக்கு மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருந்தாள் போலும்.

தையல்காரி கையிலிருந்த கொழகொழப்பையே பார்த்தாள்.

"அந்தக் கேள்விய இப்ப கேளுங்க சார்."

"அருவருப்பு..."

"எப்போதும்."

வாயைத் துடைத்தபடி அவர் பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, புதியதை அழுத்திப் போட்டார்.

"அனுப்பற ஆளுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க," என்றபடி தையல்காரி கை கழுவப் போனாள். "பாவம், அவங்களுக்கும் மூக்கு இருக்கும்."