பொய்க்காரி என்று நான் சொன்ன பிள்ளை

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால், ஒரு பாடத்தை முன்கூட்டியே பழக்கி வைப்பது எங்கள் வழக்கம். மூன்று வருடம் முன்பு அப்படி ஓர் ஆய்வில், கணீரென்று வாசிக்கும் அமுதாவை எழுப்பிவிட்டேன்.

அதிகாரி புத்தகத்தை வாங்கி, வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அமுதா அந்த வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டே பழக்கி வைத்த பாடத்தையே சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவர் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இத்தினி நாளா படிக்கிற மாதிரி நடிச்சிக்கினு இருந்தியா, பொய்க்காரி!"

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஐந்தாவதோடு நின்றுவிட்டாள்.

போன வருடம் ஒரு பயிற்சியில் டிஸ்லெக்சியா பற்றிச் சொன்னார்கள். புத்திசாலிப் பிள்ளைக்கும் எழுத்தைப் படிப்பது மட்டும் பெரும்பாடாக இருக்குமாம். மறுநாளே அமுதா வீட்டுக்கு ஓடினேன்.

"காதுல கேட்டா நிக்குது டீச்சர். கண்ணுல பாத்தா நிக்க மாட்டேங்குது. நான் பொய் சொல்லல."

"பள்ளிக்கூடத்துக்கு வந்துடும்மா" என்று கெஞ்சினேன்.

"வேணாம் டீச்சர், சிரிப்பாங்க."

இப்போது வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கேள்வியை நானே படித்துக் காட்டுகிறேன். வாயால் பதில் சொன்னாலும் மார்க் போடுகிறேன். யாரையும் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை.

அன்று அமுதா சொன்னது மூன்று பக்கப் பாடம். ஒரு சொல்கூடத் தவறவில்லை. பக்கத்திலேயே நின்ற என் காதில்தான் அது விழவில்லை.