பத்து நிமிட மீன்கள்

சித்தி தெளிவாக விழுந்த புகைப்படம் எங்கள் குடும்ப ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் கல்லாய் நிற்க, அவள் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு கலங்கல் இருக்கும். படம் எடுப்பவர் பொத்தானை அழுத்துவதற்குள் அவளுக்கு முடியை ஒதுக்கவேண்டும், பக்கத்துக் குழந்தையின் காலரைச் சரிசெய்யவேண்டும். என் அம்மா தன் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காத்தாடி என்பாள். "காத்தாடி வந்துட்டாளா, இல்ல வழியிலேயே வேற பக்கம் திரும்பிட்டாளா?"

இந்தக் காத்தாடி பார்த்த வேலை, கட்டட வரைபடம் போடுவது. முன்னறை ஜன்னலோரம் ஒரு கணினி. வெளியூர் இன்ஜினியர் ஒருவர் அளவுகளைச் சொல்வார். அவள் சுவர், கதவு, படிக்கட்டு என்று வரைந்து டெலிபோன் லைன் வழியே அவர் ஆபீஸுக்கு அனுப்புவாள். கோடு போடும்போது கை அடங்கும். கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வருடம் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நான் எதிர் நாற்காலியில் கவிதைப் புத்தகத்தைப் பிரித்தால், அந்த ஆட்டம் தரை வழியாக வரிகளுக்குள் வந்துவிடும்.

அதற்கு முன் மூன்று ஆபீஸ்களில் வேலை பார்த்திருக்கிறாள். ஒன்றிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள், பக்கத்து மேஜைக்காரர்களுக்குத் தலை சுற்றுகிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டு மேஜையில் எட்டு வருடம் ஓடியிருந்தது. இந்த மேஜை போனால் இன்னொரு மேஜை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் லைன் அறுந்துகொண்டே இருந்தது. சின்ன வரைபடங்கள் போய்ச் சேர்ந்தன. பெரியவை பாதி வழியில் நின்றன. துண்டு துண்டாக வெட்டி அனுப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒட்டவைத்தபோது ஒரு மாடியே காணாமல் போயிருந்தது. மூன்று வேலை தாமதமாயிற்று. இன்ஜினியர் மரியாதையாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் இங்கேயே ஆள் பாத்துக்கறேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

கணினி பழுது பார்ப்பவனை நாங்கள் ஸ்குரு என்போம். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் திருப்புளி வைத்திருப்பான். அவன் கணினிப் பெட்டியைத் திறந்து, போன் லைனில் பேசும் மோடம் அட்டையைக் கழற்றிக் காட்டினான்.

"பாருங்கக்கா. நல்ல மோடம்னா இதுல அதுக்குன்னு தனியா மூளை இருக்கும். இதுல என்ன இருக்கு? ஒயர் சொருக ஒரு ஓட்டை, ஒரு சில்லு. அவ்வளவுதான். வாய் மட்டுந்தான் இவனுது, மூளை இரவல். லைன்ல போற ஒவ்வொரு சத்தத்தையும் கணக்குப் போடறது உங்க மிஷின்தான்."

"இதை என் தலையில கட்டினது யாரு?"

"நான்தான்கா. நீங்கதான் விலை கம்மியா கேட்டீங்க."

அவன் ஒயரை மாற்றினான். ஹாலில் இருந்த இன்னொரு போனைப் பிடுங்கிவிட்டான். ரிசீவரைக் காதில் வைத்து, இரைச்சல் இல்லை என்றான். மோடத்தின் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினான்.

"புதுசா ஏதாச்சும் போட்டீங்களா மிஷின்ல?"

"ஒண்ணும் போடல தம்பி," என்றார் சித்தப்பா கதவருகிலிருந்து. அவருக்குத் தண்ணீர் பம்பிங் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. ஒரு மீட்டர் முள்ளைப் பார்த்தபடி எட்டு மணி நேரம் அசையாமல் இருக்கக்கூடிய மனிதர்.

ஸ்குரு ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்தான். அரட்டையடித்தபடி, மவுசைத் தாயக்கட்டைபோல உருட்டிக்கொண்டே இருந்தான். ஃபைல் முழுசாகப் போனது.

"என்னைக் கண்டா பயப்படுதுக்கா."

"அப்ப இங்கயே குடி வந்துடு."

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனான்: "அது பேசிட்டிருக்கும்போது மிஷினுக்கு வேற வேலை குடுக்காதீங்க. மூளை ஒண்ணுதானே, அங்க இங்க இழுத்தா விட்டுடும். அப்பவும் அறுந்தா நேரத்தைக் குறிச்சு வைங்க. கண்டபடி அறுந்தா லைன்ல கோளாறு. கணக்கா அறுந்தா மிஷின்ல."

முதல் பாதிதான் வீட்டில் சட்டமாயிற்று. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் யாரும் மேஜையை நெருங்கக்கூடாது. எல்லோரும் சித்தியைத்தான் பார்த்தோம். வேறு யாரால் ஆபத்து? அவளும் ஒரு படி மேலே போய், பாரம் குறையட்டும் என்று மானிட்டரையும் அணைத்துவைப்பாள். பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பாள். திரும்பி வந்து, மவுசை அசைத்து மானிட்டரைப் போட்டுப் பார்த்தால் அறுந்திருக்கும். எத்தனை சதவீதம் போயிருந்தது என்று நோட்டில் எழுதுவாள், மறுபடி நடப்பாள்.

அன்று ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் டெண்டர். மூன்றரைக்கு இன்ஜினியர் போன் செய்தார். "அஞ்சு மணிக்குக் கவரை மூடிடுவாங்க. பிரிண்ட் எடுக்கவே கால் மணி ஆகும். நாலே முக்காலுக்குள்ள என் கையில இருக்கணும்மா."

எல்லாப் பெரிய ஃபைலையும்போல இதுவும் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் வேண்டும். மூன்று முப்பத்தைந்துக்கு அனுப்பினாள். மானிட்டரை அணைத்தாள். நடந்தாள். அறுந்தது. மூன்று ஐம்பதுக்கு மறுபடி. இந்த முறை சோபாவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள். சித்தியை அப்படி நான் பார்த்ததேயில்லை. கட்டிப்போட்ட மாதிரி இருந்தாள். அறுந்தது.

சித்தப்பா ஷிப்டில் இருந்தார். ஸ்குருவின் கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. சித்தி போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். நாற்பது சதவீதம். நாற்பத்தொன்று. முப்பத்தொன்பது. நாற்பது.

"டேய், இங்க பாரு. லைன் கோளாறுன்னா இப்படிக் கடிகாரம் பாத்தா அறுக்கும்?"

 நான் நோட்டை எட்டிப் பார்ப்பதற்குள் அவள் மேஜைக்குப் போயிருந்தாள்.

"இந்தத் தடவை நான் பக்கத்துலயே இருக்கப்போறேன். தொடமாட்டேன். மானிட்டரும் எரியட்டும். எப்படி விடுதுன்னு கண்ணால பாக்கணும்."

நான்கு மணி மூன்று நிமிடம். எண் ஏறியது. பத்து, இருபது, முப்பது. சித்தியின் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்பதில் திரை கறுத்தது. நீல வெளிச்சம் பரவியது. அடியிலிருந்து ஒரு பாசிச்செடி முளைத்தது. பிறகு நிஜ மீனைப்போலவே செதில் மின்ன, ஆரஞ்சு நிற மீனொன்று நிதானமாக உடலைத் திருப்பி எங்களைப் பார்த்தது. பின்னாலேயே இன்னும் நான்கு. பெட்டிக்குள் விசிறி உறுமியது.

சித்தி மவுசைத் தட்டினாள். மீன்கள் மறைந்தன. லைன் அறுந்துவிட்ட செய்தி அங்கே இருந்தது.

"உங்க சித்தப்பாவோட மீன்தொட்டி," என்றாள் மெதுவாக. "போன மாசம் சிடி வாங்கிட்டு வந்தாரு. பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா தானா வரும், மனசுக்கு இதமா இருக்கும்னாரு. மானிட்டரை அணைச்சாலும் உள்ள நீந்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு, மிஷினோட மூளை மொத்தமும் அதுக்கே போயிடுது. ஒண்ணும் போடலன்னு சொன்னாரே பாவி மனுஷன்."

"எடுத்துடலாமே சித்தி."

"எடுத்தா மிஷினை அணைச்சுப் போடச் சொல்லும். போன தடவை அணைச்சுப் போட்டப்போ மோடமே இல்லன்னு சாதிச்சுது. நேரமில்ல. அது வராம பாத்துக்கிட்டா போதும்."

"தொடக்கூடாதுன்னு ஸ்குரு..."

"ஸ்குரு தொட்டுக்கிட்டேதான் இருந்தான். உருட்டு உருட்டுன்னு உருட்டினான். நீயும்தானே பார்த்த?"

பார்த்திருந்தேன். சொல்லத் தோன்றவில்லை.

நான்கு பதினைந்து. பொத்தானை அழுத்தினாள். அவள் நினைப்பது தப்பென்றால் இன்னொரு தடவை அனுப்ப நேரமில்லை. மவுசின் மேல் கையை வைத்து மெல்ல வட்டம் போட ஆரம்பித்தாள். அம்புக்குறி திரையில் ஈபோல் சுற்றியது. கால் தானாக ஆடத் தொடங்கியது. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பது. அவள் வட்டத்தை நிறுத்தவில்லை, மூச்சைத்தான் நிறுத்தியிருந்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நோட்டில் இல்லாத எண்.

"தண்ணி குடு," என்றாள். வலது கை சுற்ற, இடது கையால் குடித்தாள். பாதி புடவையில் கொட்டியது. அறுபது. தோள் வலிக்கிறது என்றாள். நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்றேன். "நீ ரெண்டு சுத்துல புத்தகத்துக்குள்ள போயிடுவ, போ." எண்பது. மேஜை ஆட்டத்தில் பென்சில் ஒன்று உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

நான்கு நாற்பத்தொன்றுக்கு நூறு வந்தது. லைனை விடுவித்ததும் இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"வந்துடுச்சும்மா. எல்லா மாடியும் இருக்கு. பிரிண்டுக்குப் போயாச்சு. நாளைக்கு அடுத்த பிளாக் அளவு தரேன், ரெடியா இருங்க."

"இருக்கேன் சார்," என்றாள். வைத்த பிறகும் கை ரிசீவரின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஏழு மணிக்கு வந்தார். நடந்ததை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்தாள். அவர் செருப்பை ஓரமாகச் சேர்த்து வைத்தார்.

"மீனாலயா?" என்றார். "அதை ஒரு பொருட்டா நினைக்கலம்மா, அதான் சொல்லல."

"இப்ப எடுங்க."

"எடுத்துடறேன். ஒரு தடவை பாத்துட்டு எடுத்துடறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். மீன்கள் வரப் பத்து நிமிடம் ஆகும். அவருக்கு அது ஒரு விஷயமேயில்லை. சித்திதான் பின்னால் ஹாலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"நீ மேஜையை இடிச்சா மவுசு அசையுது. மறுபடி முதல்லேருந்து."