தம்பி சொர்க்கத்துக்குக் குடிபோகிறான்

போன மாதம் ராவாங் டவுனில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே நாலைந்து ஆண்கள். எல்லாரும் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது ராவாங்கில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். ரசம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகா, அது என்ன காற்று! என்ன ஒற்றுமை! கதவைப் பூட்டாமல் தூங்குவோமே...

திருடுவதற்கு வீட்டில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் எதற்கு வம்பு?

அந்தக் கூட்டத்திலேயே அதிகமாக உருகியவன் என் தம்பி செல்வராஜு. கையுறை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்தார். மகன் அதே பாலில் கையுறை செய்து வெளிநாட்டு டாக்டர்களுக்கு அனுப்புகிறான். டெரஸ் வீடு, கலர் டிவி, இரண்டு பிள்ளைகள், வாசலில் ஒரு கார். இத்தனை துன்பத்தையும் தாங்கிக்கொண்டு வாழ்கிறான், பாவம்.

வழக்கமாக இந்த உருக்கமெல்லாம் பாயசத்தோடு முடிந்துவிடும். அன்று முடியவில்லை.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் லோரி ஓட்ட ஆள் தேடுகிறார்களாம். தம்பி போய் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். தொழிலாளர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றைத் தருவார்களாம். டெரஸ் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாமாம். பிள்ளைகளைத் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றிவிடலாமாம். எல்லாம் முடிவாகிவிட்டது — மனைவிக்குச் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

மனைவி லெட்சுமி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே தோட்டம். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த லயம். கையில் பிசைந்த சோற்றை அப்படியே இலையில் வைத்தாள். அப்புறம் எடுக்கவில்லை.

மறுநாள் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் மரத்தையும் ஆற்றையும் பார்க்காமல் வளர்கிறார்களே என்று தம்பி கண் கலங்கினான். போன தீபாவளிக்குப் போனபோது ஆற்றைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்களே, அந்தப் பிள்ளைகளா என்று லெட்சுமி கேட்டாள். ஆனால் சண்டை போடவில்லை. பள்ளி விடுமுறை வருகிறது, அண்ணன் வீட்டில் போய் ஒரு வாரம் இருந்து பார்ப்போம், பிறகு முடிவு செய்யலாம் என்றாள். அவளுடைய அண்ணன் இன்னமும் அங்கே மண்டோர். கூலிகளை மேய்க்கிற வேலை.

தம்பிக்கு வாயெல்லாம் பல். ஜெயித்துவிட்டானாம்.

நானும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டேன். வாரா வாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டியவளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை எங்கே கிடைக்கும்?

தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நிர்வாகத்திலிருந்து விளக்கம் வரும். ரப்பர் மரங்களில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்தார்கள். தம்பி முதல் வேலையாகத் தான் பந்து விளையாடிய திடலைத் தேடிக்கொண்டு போனான். திடல் இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் செம்பனைக் கன்றுகள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே நின்றுகொண்டு, இங்கேதான் கோல் போட்டேன் என்று பிள்ளைகளுக்குக் காட்டினான். பிள்ளைகள் மரியாதையாகக் கன்றுகளைப் பார்த்தார்கள். பிறகு, மாமா வீட்டில் டிவி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

முதல் நாள் பிரமாதம். ஜெராம் கடற்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன்காரர் வந்தார். லெட்சுமியின் அண்ணி நண்டுக் குழம்பு வைத்தாள். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லயம் முழுக்க வலம் வந்தான். 'இதுதான்கா வாழ்க்கை' என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏப்பம் விட்டான்.

ஊர்ப்பாசம் என்பது ஒரு விசேஷமான வியாதி. ஆண்களுக்கு அது வயிறு நிறைந்த பிறகுதான் வருகிறது.

இரண்டாம் நாள் காலையில் தொட்டியில் தண்ணீர் இல்லை. பம்பு பழுதாம். சில மாதங்களாகவே பொதுக் குழாயில் விடிவதற்கு முன் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வருகிறது. அண்ணி வேலைக்குப் போகும் முன் பிடித்து வைத்தது சமையலுக்கே சரியாகப் போயிற்று. விருந்தாளிகள் நாங்கள் ஐந்து பேர் குளிக்க வேண்டுமே? லெட்சுமி பதற்றப்படவில்லை. நாளைக்கு விடியும் முன் யாராவது பைப்புக்குப் போக வேண்டும், நீங்கள் போகிறீர்களா, நான் போகட்டுமா என்று புருஷனிடம் கேட்டாள்.

தம்பி சிரித்தான். இதெல்லாம் ஒரு வேலையா?

மறுநாள் போனான். நானும் பின்னாலேயே போனேன், உதவிக்கு அல்ல. குழாயடியில் பெண்கள் வரிசை. தம்பி வாளியை நேரே முன்னால் கொண்டுபோய் வைத்தான். ஒரு பெண் அதை எடுத்துக் கடைசியில் வைத்தாள். ராவாங்கில் தண்ணீர் நின்றுபோய்விட்டதா என்று இன்னொருத்தி விசாரித்தாள். அவன் முறை வந்தபோது குழாய் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவழியாக இரண்டு வாளியையும் நிரப்பிக்கொண்டு வந்தவன், மேட்டில் ஏறும்போது சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான். வாளிக்குச் சேதமில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் முதுகில் வலிக்கு ஒட்டிய பிளாஸ்டரோடு வாசலில் குப்புறப் படுத்திருந்தான். லெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். தம்பிக்கு வாய் கேட்கவில்லை.

"நம்ம காலத்துல தண்ணி நல்லா வந்துச்சுலா. இப்பதான் எல்லாம் கெட்டுப்போச்சு."

"நம்ம காலத்துல பைப்பே கெடயாதுங்க" என்றாள் லெட்சுமி. "கெணத்துலேருந்து தூக்குனோம்."

தம்பி யோசித்துப் பார்த்தான். கிணறு அவன் ஞாபகத்திலேயே இல்லை.

"நீங்க சாயங்காலம் பந்து வெளயாடுனது எனக்கு ஞாபகம் இருக்கு" என்று அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ரெண்டு கையிலயும் டின்ன தூக்கிக்கிட்டு அந்தத் திடலு ஓரமாத்தான் போவேன். ஒருநாளு பந்து கால்ல வந்து பட்டு, தண்ணி பூராவும் கொட்டிருச்சு. நீங்கதான் ஓடியாந்தீங்க. பந்த எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க."

"அது நீயா?"

"நான்தான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னாள். ஆறாம் வகுப்பில் அவள்தான் முதல். டவுன் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த வருஷம் அவள் அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தது. அம்மா வேலைக்குப் போனால் வீட்டுக்குத் தண்ணீர் தூக்க, குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். படிப்பு அதோடு நின்றது. இங்கே வந்தால் தன் மகளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் தம்பிக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் அந்த டவுன் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முழுசாகப் படித்தவன். பிறகு தலையைத் திருப்பி என்னைக் கேட்டான்.

"நம்ம வீட்டுல தண்ணி யாரு தூக்குனா, அக்கா?"

"சாமி வந்து ஊத்திட்டுப் போச்சு" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்து, பிளாஸ்டரோடு போய் வரிசையில் நின்றிருக்கிறான், இந்த முறை கடைசியில். ஒரே ஒரு வாளியைச் சாய்ந்து சாய்ந்து தூக்கி வந்து லெட்சுமி முன்னால் வைத்தான். பாதிதான் மிச்சம் இருந்தது. மன்னிப்பு, வசனம் எதுவும் இல்லை. அதெல்லாம் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வராது. லெட்சுமி வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிள்ளைகள் முகம் கழுவ ஆகும் என்றாள். ஆனால் அந்தத் தண்ணீரை எடுத்து முதலில் தன் முகத்தைத்தான் கழுவிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அவன் மேனேஜரைப் பார்த்து, லோரி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். காரணம் முதுகுவலியாம். அதோடு, தொழிற்சாலையில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள், உடனே கிளம்பலாம் என்றான். அந்த லயத்தில் எந்த வீட்டிலும் போன் கிடையாது. எப்படிக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

லெட்சுமி கிளம்பவில்லை. பிள்ளைகளுக்கு இன்னும் லீவு இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்றாள்.

அவன் போனான். நாங்கள் இருந்தோம். அப்புறம்தான் அந்த வாரம் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். விடியலில் லெட்சுமி தானாகவே அண்ணியோடு குழாயடிக்குப் போனாள். அவள் சிரிப்புச் சத்தம் லயம் வரை கேட்டது. கூடப் படித்த பெண்கள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பலாப்பழம் உரித்தார்கள். ஒருநாள் எல்லாருமாகப் பஸ் ஏறிப் பத்தாங் பெர்ஜுந்தாய் போய், பிள்ளைகளுக்குப் போட்டியாக, ஐஸைத் துருவிச் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். இந்தத் தோட்டத்தின் மேல் அவளுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டான். செம்பனைக் காடு முடிந்து தார் ரோடு வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்: அவளுக்கு நிஜமாகவே இங்கே வர ஆசையாக இருக்கிறதா? இருந்தால் மேனேஜரிடம் மறுபடி பேசலாமாம்.

லெட்சுமி பின்னால் திரும்பி, தூங்கி விழும் மகளின் தலையை நேராக வைத்தாள்.

"நல்ல ஊருதாங்க" என்றாள். "திரும்பிப் போக வேற வீடு இருந்தா."