தாய்ச்சியின் கை

சீட்டு நடத்துகிறவளை யாழ்ப்பாணத்தார் தாய்ச்சி என்பார்கள். இத்தாலியில் சீசா என்ற பகுதித் தமிழருக்கு ஸ்ரெல்லாதான் தாய்ச்சி. பகலில், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கும் இத்தாலிய எஜமானியின் வீட்டில் தரை துடைப்பாள். முதல் சீட்டு தாய்ச்சிக்கு என்பது வழக்கம். அந்தக் காசில்தான் புருஷன் யோசேப்பை மன்னாரிலிருந்து இங்கே எடுப்பித்தாள்.

தொண்ணூற்றிரண்டில் இத்தாலி கழுத்து மட்டும் கடனில் நின்றது. அரசாங்கம் ராவோடு ராவாக எல்லாருடைய வங்கிக் கணக்கிலும் கைவைத்தது. "எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று சிஞ்ஞோரா தட்டைச் சுவரில் எறிந்து உடைத்தாள். செப்டம்பரில் இத்தாலிக் காசான லீராவின் மதிப்பும் விழுந்தது.

அடுத்த சீட்டு நகுலேஸ்வரனுக்கு. இத்தாலிக்கு வரப் புறப்பட்ட அவனுடைய தம்பியை, ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் பூட்டிவைத்து, டொலர் கேட்டு அடித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் தம்பியின் அலறலைக் கேட்கவிட்டான். விழுந்த லீராவை டொலராக்கினால் சீட்டுக் காசு காணாது.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் ஸ்ரெல்லா வீட்டில் கூடினார்கள். "அரசாங்கம் கேட்கேல்லை, நாங்கள் கேட்பம். குறையிறதை எல்லாரும் சேர்ந்து போடுறதெண்டால் கையைத் தூக்குங்கோ," என்றாள். அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

பாதிப்பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்கள்?" என்று கேட்டான் நகுலேஸ்வரன்.

"தாய்ச்சி பொது ஆள், தம்பி. நான் தூக்கக்கூடாது."

"உங்கடை மனிசனை முதல் சீட்டிலை எடுத்தியள்! அப்ப பொது ஆள் இல்லையோ?" என்று கத்தினான் நகுலேஸ்வரன். மேசையிலிருந்த இரும்புச் சட்டியைத் தூக்கி, அங்கே ஊன்றியிருந்த அவளுடைய இடக்கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யோசேப் கத்தியோடு பாய்ந்து நகுலேஸ்வரனின் தோளைக் கிழித்தான். கதிரைகள் பறந்தன. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டைகளெல்லாம் இரத்தம்.

"விடுங்கோ!" என்று ஸ்ரெல்லா வீரிட்டாள். வலியைவிட வெட்கம் அவளைத் தின்றது. அவன் சொன்னது முழு உண்மை. நசுங்கிய கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். "இந்தா, தூக்கிறன். காசைப் போடுங்கோ."

எல்லாரும் போட்டார்கள். திங்கட்கிழமை யோசேப்பே கொண்டுபோய் அனுப்பினான். ஆனால் மொஸ்கோவில் ஞாயிறே தம்பியை அடித்துக் கொன்றிருந்தார்கள்.

அடுத்த மாதம் நகுலேஸ்வரன் எடுத்த சீட்டுக்குக் கட்டவேண்டிய மாதக் காசோடு வந்து வாசலில் நின்றான். தோளில் கட்டு. அன்றைக்குத் தூக்காத நல்ல கையை நீட்ட ஸ்ரெல்லா துணியவில்லை. நசுங்கிய இடக்கையின் மடங்காத விரல்களை நீட்டினாள். அவன் காசை அதில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினான்.