புத்தகத்தை மூடச் சொன்னவர்

விடைத்தாள் திருத்தும் முகாமில் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதிய இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். மேலே தள்ளிப் பார்த்தேன். ஜெயசீலன் சார் அன்று காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றிருந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் மழை விடுமுறை அறிவிப்பே பாதி நேரம் பொய்யாக இருக்கும். முந்தின வாரம்தான் கீழ்க்கட்டளையில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தது அவர் மனைவி எலிசபெத் அக்கா.

"உண்மைதான் நளினி," என்றார். "நீ நேர்ல கேக்காம நம்ப மாட்டேன்னு தெரியும். அதான் உன் போனை மட்டும் எடுத்தேன்."

பிறகு பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எங்கள் தாளாளர் அவரைச் 'சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட மனிதர்' என்று புகழ்ந்தார். பக்கத்தில் இருந்த தமிழாசிரியர் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். இதை வாசிக்கிறவர்களில் சாரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அந்தச் சொல் உறுத்தியிருக்கும். ஜெயசீலன் சார் எதையும் எளிதில் நம்பாதவர். ஒரு காலத்தில் பலருடைய சந்தேகத்துக்கு ஆளானவரும் கூட. இந்த இரண்டையும் மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி செலுத்த எனக்குத் தெரியவில்லை.

தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கு அவர் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் ஆசிரியராக வந்தபோது நான் அங்கே வேதியியலில் பழம் தின்று கொட்டை போட்டிருந்தேன். வந்த புதிதில் ஒரு மாணவி தன் புத்தகத்தை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து அவரிடம் பெருமையாகக் காட்டினாள். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று கோடு போடாத வரி இல்லை. பாடத்தை நாலு தடவை வாசித்துவிட்டதாகச் சொன்னாள். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "இப்ப சொல்லும்மா" என்றார். அவளால் மூன்று வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. அழாக்குறையாக நின்றவளிடம், "தப்பு உன் மேல இல்ல. திரும்பத் திரும்பப் பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். அந்த 'மாதிரி'யை நம்பாத" என்றார்.

அவர் வகுப்பைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு உறுத்தலாக இருக்கும். உள்ளேயிருந்து சத்தமே வராது. பிள்ளைகள் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டும் படம் வரைந்துகொண்டும் இருப்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்றே நினைத்தேன். பெற்றோர் கூட்டத்திலும் அதே புகார்தான். சார் பாடமே நடத்துவதில்லை, எழுதச் சொல்லிவிட்டு நின்றுகொள்கிறார் என்றார்கள். அவர் நடத்துவார். ஆனால் சுருக்கமாக நடத்துவார். மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொல்வார். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் அவர்களையே திருத்த வைப்பார். அதோடு விடமாட்டார். பிள்ளைகள் அந்தப் பாடத்தை மறந்து வேறெதிலோ மூழ்கியிருக்கும் ஒரு நாளில் திடீரென்று அதையே மறுபடி கேட்பார். மறக்க ஆரம்பிக்கும்போது இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும் என்பது அவர் கட்சி.

எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. உங்கள் விலங்கியலுக்குச் சரி, வேதியியல் கணக்குக்கும் வினைகளுக்கும் இதெல்லாம் ஆகாது என்றேன். அவர் வாதாடவில்லை. என் மாணவர்களை ஒரு நாள் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டார். கரிம வேதியியலில் நான் ஏற்கெனவே நடத்தி முடித்த வினைகளையே வெவ்வேறு பாடங்களிலிருந்து எடுத்துக் கலந்து கொடுத்தார். ஆல்டிஹைடு பாடத்தின் கடைசியில் உள்ள புக் பேக் கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பிள்ளைகள், அதே கேள்வி ஆல்கஹாலுக்கும் அமீனுக்கும் நடுவே வந்தபோது எந்த வினையைத் தொடுவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"பாடத்தோட தலைப்பே பாதி விடையைச் சொல்லிக் குடுத்துடுது மேடம்," என்றார். "பரீட்சைல தலைப்பு இருக்காது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து கேள்விகளைக் கலந்துதான் கொடுத்தேன்.

அவர் வந்து சில ஆண்டுகள் கழித்து அந்த விவகாரம் வெடித்தது. முதல் திருப்புதல் தேர்வுக்கு எங்கள் பள்ளியில் கேள்வித்தாளை அந்தந்த ஆசிரியரே தயாரிப்பது வழக்கம். அந்த முறை அவருடைய பிரிவில் ஏறக்குறைய எல்லோருமே விலங்கியலில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கினார்கள். மற்றப் பாடங்களில் தட்டுத்தடுமாறுகிற பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டியூஷன் சென்டரில் கேள்வித்தாள் முந்தின நாளே கிடைத்தது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் யாருமில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். ஆசிரியர் அறையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும்.

சுற்றி வளைக்காமல் நான் அவரிடமே கேட்டேன். "சார், கேள்வித்தாள் வெளிய போச்சா?"

"நேராக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்," என்றார். "நான் குடுக்கல. ஆனா இந்த மார்க்கைப் பாத்தா எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. இவ்வளவு வரக் கூடாது."

அவரே தாளாளரிடம் போய் மறுதேர்வு கேட்டார். வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் கேள்வி தயாரிக்கட்டும், தன் கண்ணில் காட்ட வேண்டாம், திருத்துவதையும் அந்த ஆசிரியரே செய்யட்டும் என்றார். செய்தி வீடுகளுக்குப் போனதும் அனகாபுத்தூரிலிருந்து கௌசல்யாவின் அம்மா வந்துவிட்டார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைக்கிறவர். சம்பளம் போனாலும் போகட்டும் என்று பாதி வேலையில் வந்திருந்தார்.

"இன்னா சார், எம் பொண்ணு கம்மியா எடுத்தாலும் திட்றீங்க, ஜாஸ்தியா எடுத்தாலும் திருடின்றீங்க," என்றார். "அவ இன்னாதான் பண்றது?"

ஜெயசீலன் சார் அவருக்கு நாற்காலி போட்டார். "அவ திருடலைன்னு நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பினாப் பத்தாது. நாளைக்கு அவளை ஒருத்தரும் கேக்க முடியாதபடி எழுதிக் காட்டட்டும்" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. அவர் பேச்சை நம்பியதாகவும் தெரியவில்லை.

மறுதேர்வில் மேற்பார்வைக்கு நான்தான் நின்றேன். கேள்விகள் புதுத் தினுசாக இருந்தன. ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, அதில் ஹார்மோனையும் மரபியலையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். முடிவு வந்தது. கௌசல்யாவின் மதிப்பெண் அப்படியே நின்றது. மற்றவர்கள் எல்லோரும் கொஞ்சம் சறுக்கியிருந்தார்கள். ஆனால் ஒருவர்கூடக் கவிழவில்லை. தாளாளருக்கு அந்தச் சறுக்கலே போதுமானதாக இருந்தது. பார்த்தீர்களா, குறைந்துவிட்டதே என்றார். கேள்வி கசிந்திருந்தால் அதல பாதாளத்துக்கல்லவா போயிருக்க வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை.

ஜெயசீலன் சாருடைய கவலை வேறாக இருந்தது. விடைத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு யார் எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்தார். "என் பாஷைல கேட்டாத்தான் இவங்களுக்கு வருது," என்றார் கடைசியில். "நடத்தறதும் நான், கேக்கறதும் நான். என் கேள்விக்கே பழகிட்டாங்க."

"கலந்து கேக்கணும்னு எனக்குச் சொன்னதை நீங்களே செய்யலையே சார்" என்றேன். ஆமாம் என்று தலையசைத்தார். அவர் முகம் சிறுத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் அவருடைய பாடவேளைகளை எடுத்து, தாவரவியல் ஆசிரியையிடமும் என்னிடமும் பிரித்துக் கொடுத்தார்கள். அவரைக் கீழ் வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். அவர் அதை எதிர்த்துப் பேசவில்லை. எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். புதிதாக எதுவும் நடத்த வேண்டாம், கேட்டுக்கொண்டே இருங்கள், ஒருவர் தயாரித்த கேள்வியை இன்னொருவர் வகுப்பில் கொடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். விலங்கியலையும் வேதியியலையும் ஒரே தாளில் கலந்தோம். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் பாடத்தை விளக்க மற்றவர் ஏன், எப்படி என்று குடைய வேண்டும் என்றோம். கௌசல்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ், இதுவும் சார் மெத்தட்தானே? திரும்ப நம்மளத் தப்பாப் பேசுவாங்களா?" என்று கேட்டாள். பேசமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. பேசினாலும் எழுது என்றேன்.

பொதுத்தேர்வு முடிவுகள் வந்தபோது அந்தப் பிரிவு மறுதேர்வில் வாங்கியதைவிட ஒரு படி மேலேயே நின்றது. கௌசல்யாவுக்கு அரசுக் கல்லூரியில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் அம்மா ஆசிரியர் அறைப் பக்கமே வராமல் நேராகத் தாளாளர் அறைக்குப் போய், "இப்ப இன்னா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாராம். வாழ்த்துகள் என்று பதில் வந்ததாம். ஜூன் மாதக் கால அட்டவணையில் ஜெயசீலன் சாருக்குப் பழைய வகுப்பு திரும்பிவந்தது. மன்னிப்பு வரவில்லை. கேள்வி கசியவில்லை என்று இன்றுவரை யாரும் வாய்திறந்து சொல்லவும் இல்லை. நான் அவருக்குக் கைகொடுக்கப் போனேன். "ஒரு வருஷத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க மேடம். அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்" என்றார்.

கடைசியாக நான் பார்த்த அன்று அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்லீரல் கைவிட்டிருந்தது. டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார் என்று அக்கா சொன்னார். சார் அதைக் கேட்டுப் புன்னகை செய்தார். அக்கா காபி போட எழுந்து போனதும், "சரியாயிடும் இல்ல சார்?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தோன்றவில்லை.

சற்று யோசித்தார். "தெரியல மேடம்," என்றார். குரலில் பயமில்லை, மழுப்பலும் இல்லை.

வகுப்பில் எந்தப் பிள்ளையாவது எழுந்து நின்று இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. "சரி, அப்ப இங்கேருந்து ஆரம்பிப்போம்" என்று சாக்பீஸை எடுப்பார். நூற்றுக்கு நூறை நம்பாதவர், மனப்பாடத்தை நம்பாதவர், தன்னையே நம்பாதவர், தெரியாது என்று ஒருவர் சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பினார். முப்பது வருடமாகக் கரும்பலகை முன் நிற்கிற எனக்கு அந்த ஒரு சொல் இன்னமும் தொண்டையில் சிக்குகிறது. ஆனாலும் இப்போது பிள்ளைகள் எதிரில் அதைச் சொல்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.