பாதி முகத்தோடு அழுத நாள்

அப்பா இறந்த அன்று காலையில்தான் என் முகத்தின் இடப்பக்கம் வேலையை நிறுத்திக்கொண்டது. பல் விளக்கிக் கொப்பளித்தபோது தண்ணீர் உதட்டோரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. இடக்கண் மூட மறுத்தது. ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஏர்கோன் குளிர் நேராக என் தலையில்தான் வீசும். காற்று அடித்துவிட்டது, தானாகச் சரியாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கலும்பாங் வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். "அப்பா போயிட்டாருடி."

காரோட்டிப் போனது நினைவிருக்கிறது. வழியில் எதையும் நினைத்ததாக நினைவில்லை.

அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்த பிறகு வாங்கிய சின்ன வீட்டின் முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பழைய எஸ்டேட் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஆட்களில் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் முதலில் பிணத்தின் பக்கம் போவதில்லை. வீட்டுப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுத பிறகுதான் மற்றதெல்லாம். முகத்தோடு முகம் வைத்துச் செய்ய வேண்டிய காரியம் அது. என்னிடம் இருந்ததோ பாதி முகம்.

நான் அழுதேன். சத்தியமாக அழுதேன். ஆனால் வாய் வலப்பக்கமாக மேலே இழுத்துக்கொண்டது. வலக்கண்ணில் கண்ணீர் கொட்டியது, இடக்கண் காய்ந்துபோய் முழித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். எதையோ நக்கலடிக்கிறவள் மாதிரி இருந்தேன்.

"என்னா லா இது, சிரிக்குது?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"மூஞ்சி மரத்துப்போச்சிம்மா, காலைல இருந்து" என்று அம்மாவிடம் குழறினேன். தீபாவளிக்குப் பிறகு வீட்டுப் பக்கமே வராத ஒரே மகள் நான். அந்தக் கோபமும் அவளிடம் இருந்தது.

"ஒனக்கு மூஞ்சி மட்டுமா மரத்துப்போச்சி?" என்று கேட்டுவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒருவேளை அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று தோன்றியது. அப்பாவைத் தூக்கினார்கள், பார்த்தேன். எல்லாரும் போனார்கள், வீட்டைக் கழுவிவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் துக்க வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குமா என்று நான் கேட்கவில்லை, யாரும் போ என்று சொல்லவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். காப்பி உதட்டில் ஒழுகும். சோறு இடக்கன்னத்தில் தங்கிவிடும், விரலை விட்டு எடுக்க வேண்டும். படையலுக்கு அப்பாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்தேன். பிறகு எடுத்துச் சாப்பிட்டால் நாக்கின் ஒரு பக்கம் தகரத்தைச் சப்பியதுபோல் இருந்தது. அம்மா எனக்குப் பரிமாறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் பக்கத்து டவுன் குபு பாருவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அம்மாவைத் தனியே விட முடியாது, அவளும் வந்தாள். டாக்டர் தமிழ்ப் பிள்ளைதான், என்னைவிடச் சின்னவள்.

"ஏன்கா இவ்ளோ லேட்டு? மொத ரெண்டு மூனு நாள்லயே மாத்திர ஆரம்பிச்சிருக்கணும். இப்ப மூஞ்சி முழுசா பழையபடி வரும்னு சொல்ல முடியாது."

மூஞ்சி மரத்துப்போச்சி என்றேன். கண்ணை மூடச் சொன்னாள். நான் மூடியது ஒன்றுதான். பஞ்சால் இடக்கன்னத்தைத் தொட்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

நெற்றி, தாடை, மூக்கோரம் என்று எங்கே தொட்டாலும் தெரிந்தது. எனக்கே ஆச்சரியம்.

"மரத்துப்போகலக்கா. தொட்டா தெரியுறது வேற நரம்பு, அது நல்லாதான் இருக்கு. கெட்டுப்போனது இன்னொன்னு. அதுக்குள்ளயே பல வகை நாரு இருக்கு. மூஞ்சிய அசைக்கிறது ஒன்னு, கண்ணீரும் எச்சியும் சுரக்க வைக்கிறது ஒன்னு, நாக்கு முன்பக்கத்து ருசிக்கு ஒன்னு. காதுகிட்ட தோலுக்குக்கூட கொஞ்சம் போகுது. அதான் எல்லாம் ஒன்னா போயிருக்கு. அழுதாகூட சிரிக்கிற மாதிரி இருக்கும்."

அம்மா சுவரோர நாற்காலியில் இருந்தாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டாள்.

"அப்ப இவளுக்கு எல்லாமே தெரிஞ்சிதான் இருந்திருக்கா?"

"ஆமாம்மா. வெளிய காட்ட முடியல, அவ்ளோதான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி நான் சொன்னது ஒனக்கு வலிச்சிருக்கும்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"வலிச்சிச்சிம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு வலித்திருக்கிறது என்று தெரிந்தது. வாய் மறுபடியும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. அம்மா எழுந்து வந்து, சிரிப்பதுபோல் இருந்த அந்த முகத்தைத் தன் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்காக என்னோடு அழுதாள்.