நாலு பேருக்கு ஒரு சஹன்

பழைய புத்தகக் கடையில் நான் புத்தகம் வாங்குவதில்லை. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். உலக இலக்கியத்தில் பாதியை நான் படிக்காமல் போனது இப்படித்தான். மீதிப் பாதியை முழு விலை கொடுத்து வாங்கி, மட்டாஞ்சேரி பஜாரில் என் கடையின் மிளகு மூட்டைகளுக்கும் சுக்கு மூட்டைகளுக்கும் நடுவே உட்கார்ந்து படித்து முடித்தேன். அதனால் என் அருவருப்புக்குச் சொல்வளம் கூடியதே தவிர, அது குறையவில்லை.

அருவருப்பு மனதுக்குள்ளேயே கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என்னுடையது முகத்துக்கு வந்துவிடும். போன வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க ஆலுவாவுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் என் சாயாவில் படிந்திருந்த ஆடையைத் தன் சுண்டுவிரலால் அன்பாக வழித்தெடுத்துவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் பேசிவிட்டது. மறுநாளே ‘நமக்குச் சரிப்படாது’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த முகத்துக்கு ‘ஆலுவா மூஞ்சி’ என்று பெயர்.

மகளுக்கு அதில் வருத்தமில்லை. அவளுக்குப் பிடித்தவன் வேறொருவன். என் கடைக்கு அடுத்த அரிசிக்கடைக்காரனின் மகன். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. அரிசிக்கடைக்காரன் சின்ன வயதிலிருந்தே எனக்கு நண்பன். நல்லவன். நல்லவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்; தொட்டுத் தொட்டுப் பேசுவார்கள்.

ஓண விடுமுறையும் ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வந்தபோது அவன் கடை வாசலில் வந்து நின்றான்.

“எடா, ரெண்டு குடும்பமும் கடலோரமா ஒரு வீடெடுத்து மூணு நாளு இருப்போம். பிள்ளைங்க காரியத்த அங்க வெச்சே முடிச்சிரலாம். சஹன நான் கொண்டு வாரேன்.”

மற்றதெல்லாம் சரி, கடைசி வாக்கியம்தான் இடித்தது.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சோற்றில் கைபோட்டு உண்ண வேண்டும். எங்களவர்கள் கல்யாண வீடுகளில் மட்டும் செய்வதை என் நண்பன் வெள்ளிக்கிழமைதோறும் செய்கிறவன். சஹனில் சேர்ந்து சாப்பிட்டால் சொந்தம், இல்லாவிட்டால் அந்நியன்; அவனுக்கு உறவுமுறை அவ்வளவுதான். சர்க்கரை வியாதி என்று சொல்லித் தனித் தட்டு கேட்ட தங்கை புருஷனோடு வருஷக்கணக்காக அவனுக்குப் பேச்சில்லை.

இத்தனை காலம் நான் தப்பித்தது கிண்டியால், அதாவது மூக்கு வைத்த செம்பால். விருந்தில் உட்காருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். நான் முந்திக்கொண்டு கிண்டியைத் தூக்கிவிடுவேன். கடைசிப் பந்தி முடிந்ததும் அடுப்படியில் ஒரு கிண்ணத்தை வாங்கி ஒதுங்கி நின்று சாப்பிடுவேன். மட்டாஞ்சேரியில் என் சேவை மனப்பான்மைக்கு நல்ல பெயர். பொன்னாடை போர்த்த வந்தவர்களும் உண்டு. அது ஏற்கெனவே இரண்டு பேருக்குப் போர்த்தியது என்று தெரிந்ததால் மறுத்துவிட்டேன். அதற்கும் தன்னடக்கம் என்று பாராட்டினார்கள்.

ஜங்கார் படகில் காரை ஏற்றி வைப்பின் தீவுக்குப் போகும் வழியில் மகள் முன்சீட்டுக்கு எட்டி என் காதருகே சொன்னாள்:

“அத்தா, ஆலுவா மூஞ்சி வேணாம். ப்ளீஸ். எனக்கு இவன் மதி, வேற யாரும் வேணாம்.”

அவள் பல் டாக்டர். நாள் முழுதும் ஊரார் வாயில் கையை விடுகிறாள். எனக்கு எப்படி இப்படியொரு மகள் பிறந்தாள் என்று நான் வியக்காத நாளில்லை.

“அவரு மூஞ்சிக்கு அவரு என்ன பண்ணுவாரு?” என்றாள் மனைவி. “கைக்குட்டைய எடுத்துக் கட்டிவிட்டுரு.”

வாடகை வீடு கடற்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது. சுவரின் கருங்கல் இடுக்குகளில், கடல் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தவை: ஒற்றைச் செருப்புகள், பிராந்தி பாட்டில்கள், ஊறிப் பெருத்த குழந்தை டயப்பர் ஒன்று. முற்றம் முழுக்க வலை விரித்து மீன் காயப்போட்டிருந்தார்கள். மீனைவிட ஈ அதிகம். இரு குடும்பத்துக்கும் ஒரே குளியலறை. அதன் தண்ணீர்ப் போக்கியில் முன்பு தங்கிப் போனவர்களின் முடி, சின்னப் பிராணிபோல் சுருண்டு கிடந்தது. நான் இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு குளித்தேன்.

என் நண்பன் வாய் கொள்ளாமல் சிரித்தபடி குளித்துவிட்டு வந்தான். இடுப்பில் என் துண்டு.

“கொடியில கெடந்துச்சுடா. உன்னோடதா? நல்லா உறிஞ்சுது.”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடலைப் பார்த்தேன். அப்புறம் குளித்துவிட்டுச் சட்டையால் துவட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் சஹன் வந்தது. நெய்ச்சோறு, மேலே ஆட்டிறைச்சி. ஒரே ஹால், எதிர்ச் சுவரோரம் பெண்களுக்கு ஒரு விரிப்பு. கிண்டிக்கு வேலையில்லை, மூலையில் குழாய் இருந்தது. என் நண்பன், அவன் மகன், நான். நாலாவது ஆளுக்காக நண்பன் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“சேட்டா, வா! ஒரு ஆளு குறையுது.”

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் மீனைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தவர். கூச்சத்தோடு வந்து கையைக் குழாயில் காட்டிவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் அவர் கையைத் தொட்டது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

மாட்டிக்கொண்ட இடங்களில் எனக்கொரு தந்திரம் உண்டு. என் பங்குக்கும் அடுத்தவர் பங்குக்கும் நடுவே சோற்றை ஒதுக்கி ஒரு வரப்பு எழுப்பிவிடுவேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்தால் யாருக்கும் தெரியாது. சுனாமியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வரப்பைக் கட்டி முடித்து நிமிர்ந்தேன். எதிரே இன்னொரு வரப்பு இருந்தது. என்னுடையதைவிட உயரம், நேர்த்தி. கட்டியவன் என் நண்பனின் மகன். கண்கள் சந்தித்தன. அவன் உடனே குனிந்துகொண்டான்.

சொந்த மகன்! வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சஹனில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது அருவருப்புதான். ஒரு மனிதன் சோற்றுக்கு வேலி போட்டு, அதற்குள் கோழிபோலக் கொத்தித் தின்பது வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு கேவலமாக இருக்கிறது! இதைத்தான் என் மனைவி இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா? இப்படி ஒருவனையா என் மகள் தேடிப் பிடித்தாள்?

அந்த நேரத்தில் நண்பன் நல்லி எலும்பொன்றை எடுத்தான். வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஆடியது.

“அடிபொளி! மஜ்ஜை அப்படியே இருக்கு. இந்தா மோனே, நீ தின்னு.”

எலும்பு மகனின் வரப்பைத் தாண்டி விழுந்தது. பையனின் மேலுதடு மெல்ல மேலே ஏறியது. மூக்கு சுருங்கியது. ஆலுவா மூஞ்சியை முதல்முறையாக நான் இன்னொருவனிடம் பார்த்தேன். நண்பன் சேட்டனுக்குக் கறி தள்ளிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பினால் பார்த்துவிடுவான். பார்த்தால் கல்யாணப் பேச்சு சஹனோடு கவிழும். எதிர்ச் சுவரோரம் மகளின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

நான் இரண்டு வரப்பையும் தாண்டிக் கையை நீட்டினேன்.

“நல்லி எனக்கு உசுரு, மருமவனே. இங்க குடு.”

‘மருமவனே’ என்ற சொல் தானாக வந்துவிட்டது. நண்பன் கண் கலங்கிவிட்டான். எண்ணெய்க் கையோடு என் தோளைக் கட்டிக்கொண்டான். “கேட்டியளா? மருமவன்னு கூப்பிட்டுட்டான்!” என்று பெண்கள் பக்கம் பார்த்துக் கத்தினான். நான் அந்த எலும்பை வாயில் வைத்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு அடுப்பினுடையதா என் நண்பனுடையதா என்று யோசிக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டே உறிஞ்சினேன். முகத்தை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அதையும் சேர்த்து விழுங்கியிருக்கலாம்.

சாயங்காலம் கடற்சுவரில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் நாலாவது முறையாகப் பல் துலக்கிவிட்டு வந்திருந்தேன்.

“அவனும் உன் அத்தா ஜாதிதான். தெரியுமா உனக்கு?”

“பின்னே? மொதல் தடவ சாயா குடிக்கப் போனப்பவே கிளாஸ் விளிம்ப டிஷ்யூ வெச்சுத் தொடச்சான். அப்புறம் என் கிளாஸையும் வாங்கித் தொடச்சுத் தந்தான்.” கீழே டயப்பரின்மேல் அலை மோதுவதைப் பார்த்து, “அய்யே” என்றாள். பிறகு, “எனக்குப் பழக்கந்தானே அத்தா” என்றாள்.

நான் அவள் தலையைத் தடவப் போனேன். கையில் இன்னும் நெய் வாசம். இழுத்துக்கொண்டேன். அவளே என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை நண்பன் வீட்டில் எங்களுக்கு விருந்து. சஹனை இறக்கியதும் நான் பழக்கப்படி கிண்டிக்குக் கை நீட்டினேன். அது அங்கே இல்லை. மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு வரிசையின் மறுமுனையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்தான்.

“பாத்தியாடா,” என்றான் என் நண்பன், என்னைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார்த்தியபடி. “அப்படியே உன்ன மாதிரி. என்னா சேவை மனசு!”

பிறகு சோற்றுக்குள் கையை விட்டு எனக்காக ஒரு நல்லியைத் தேடி எடுத்தான். மஜ்ஜை இருக்கிறதா என்று உறிஞ்சிப் பார்த்தான்.